ஐஸ் பெட்டிக்கு ஒரு வெப்சைட்

எங்கள் நம்பரை யாரும் செல்போனில் பதிந்து வைத்துக்கொள்வதில்லை. பால்காரர் நம்பர் இருக்கும், கேஸ்காரர் நம்பர் இருக்கும், பாம்பு பிடிக்கிறவர் நம்பர்கூட இருக்கும். எங்கள் நம்பர் மட்டும் இருக்காது. விசிட்டிங் கார்டை நீட்டினால் நீட்டின கையைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார்கள். மற்ற கடைக்காரர்கள் வருஷம் பிறந்தால் தினசரி காலண்டர் அடித்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் அடித்துக் கொடுத்தால் எந்த மகராசி வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவாள்? செத்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவள் நான். புதுச்சேரியில், முதலியார்பேட்டையில் வீடு. இரண்டு பெட்டி, ஒரு வேன், ஒரு டிரைவர். இதுதான் என் சாம்ராஜ்யம்.

தொழில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. முதலில் நாற்காலி, பாத்திரம், சாமியானா என்று கல்யாண வாடகைதான். அந்த வருஷம்தான் எங்களுக்கு மகன் பிறந்தான். ஆசை ஆசையாக அவன் பெயரையே கடைக்கு வைத்தார். பிறகு ஐஸ் பெட்டி வாங்கிய போது, ஊருக்குத் தெரிந்த பெயர் ஆயிற்றே என்று அதையே பெட்டியின் பக்கவாட்டிலும் வேனிலும் சிவப்பு எழுத்தில் எழுத வைத்தார். நாளாக நாளாக நாற்காலியும் பாத்திரமும் போய், பெட்டி மட்டும் நின்றது. ஆக, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே என் பிள்ளையின் பெயர் நிற்கும். "டேய், எங்க தாத்தா தலைமாட்டுல உன் பேருதான்டா எழுதியிருந்துச்சு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். புத்தகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதான். "ஊரெல்லாம் உன் பேரு தெரியுதுடா, ராசா" என்று அவர் அவனைத் தூக்கிக்கொண்டார். அவன் அவர் தோளைக் கடித்தான்.

அந்தப் பிள்ளை இப்போது பிரான்சில் இருக்கிறான். அவன் அப்பா காரியம் முடிந்த அடுத்த வருஷம் நேஷனாலிட்டிக்காரர்கள் வீட்டில் பெண் கிடைத்தது. எங்கள் ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் அமைவது என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கட்டிக்கொண்டவனும் பிரான்சுக்குப் போய்விடலாம். நான் தரையில் நடக்கவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் "அம்மா ஈவென்ட் பிசினஸ் பண்றாங்க" என்று சொல்லி வைத்திருந்தான். பொய்யும் இல்லை, சாவும் ஒரு ஈவென்ட்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். போனவன் முதலில் தினம் பேசினான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேசினான், அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசினான். வந்து பார்க்கவில்லை. கேட்டால், வரேம்மா, வரேம்மா.

ஒருநாள் பேச வேறு ஒன்றும் இல்லாமல், "தொழில் எப்படிம்மா போவுது?" என்று கேட்டான். எங்கே போகிறது, படுத்துவிட்டது என்றேன். உண்மையும் அதுதான். முன்னெல்லாம் முனைக்கடை டீ மாஸ்டர் சொல்லுவார், கோயிலில் மணி அடிக்கிறவர் சொல்லுவார், ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கிற அம்மா சொல்லும். இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே தகப்பன் மூச்சு நின்றதும் அங்கே பாரீஸில் இருக்கிற பிள்ளை செல்போனில் தேடுகிறான், எது முதலில் வருகிறதோ அதைக் கூப்பிட்டுவிடுகிறான். வில்லியனூர் பக்கம் ஒருவன் நேற்று முளைத்தவன், பெட்டி, நாற்காலி, பந்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெப்சைட் வைத்திருக்கிறான். நீல வானம், இரண்டு புறா, ஒரு விமானம். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

"வெப்சைட்கூட இல்லாம என்னாம்மா பிசினஸ்? ஒரு நல்ல ஆளா பாத்துப் போடு. பிரெஞ்சுல நான் எழுதித் தர்றேன்" என்றான் மகன்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். தொழிலுக்காகத்தான் வெப்சைட் என்று டிரைவரிடம் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன். அடி மனசில் இருந்தது வேறு. என் பிள்ளைக்கும் எனக்கும் பேச ஏதாவது வேண்டும். அவன் பிரெஞ்சில் எழுதுவான், நான் சந்தேகம் கேட்பேன், அவன் கோபித்துக்கொள்வான், மறுபடி கூப்பிடுவான். பார்க்க லட்சணமாக அமைந்துவிட்டால் பெண்டாட்டியிடம் காட்டுவான். வெட்கம் போய்விடும். ஒரு தடவை வருவான். நப்பாசைதான், வேறென்ன!

ஆள் தேடப் புறப்பட்டேன். காமராஜர் சாலையில் மாடியில் ஓர் ஆபீஸ். ஏசி, கண்ணாடிக் கதவு, காப்பி. "உங்க பிசினஸ் என்னங்க மேடம்?" என்று சிரித்த முகத்தோடு கேட்ட பையன், சொன்னதும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். இந்த மாசம் முழுக்க வேலை இருக்கிறதாம். அடுத்த மாசம்? அடுத்த மாசமும் இருக்கிறதாம். இரண்டாவது ஆள் ஒத்துக்கொண்டு, மறுநாள் போன் போட்டு, "எங்கம்மா வேணாங்கறாங்க, இப்பத்தான் எனக்குப் பொண்ணு பாக்கறாங்க" என்றான். பெண் பார்த்தால் என்ன, நானா குறுக்கே படுத்தேன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் பாத்திரம் தேய்த்தேன்.

மூன்றாவது ஆள் மாதிரிக்கு ஒரு பக்கம் செய்தே காட்டினான். மேலே ரோஜாப்பூ, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற புருஷன் பெண்டாட்டி, நடுவில் பெரிய எழுத்தில் 'வருக! வருக!' கடைசியில் 'நன்றி, மீண்டும் வருக'. எழவு வீட்டுக்குப் போனால் நாங்கள் யாரையும் வாங்க என்று சொல்ல மாட்டோம், கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டோம், எதுவும் சொல்லாமல் வேனில் ஏறிவிடுவோம். ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "மீண்டும் வருகன்னா யாரு வரணும்? ஒருத்தரே ரெண்டு தடவையா?" என்று கேட்டேன். அவன் அது டெம்ப்ளேட்டில் வருவது என்றான். உன் டெம்ப்ளேட்டில் இடி விழ!

கடைசியில் லாஸ்பேட்டையில் ஒரு பெண் கிடைத்தாள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து வெப்சைட் செய்துகொடுக்கிறவள். தொழிலைச் சொன்னதும் அவள் முகம் மாறவில்லை. "எங்க அப்பாவை உங்க பொட்டியிலதான் ஆன்ட்டி வெச்சிருந்தோம். எங்க அண்ணன் வர லேட்டாச்சு. ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கீழ சொட்டல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தொழிலில் நல்ல வார்த்தை சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் தயார் பண்ண வேண்டியதையெல்லாம் சொன்னாள். வெப்சைட்டுக்கு ஒரு பெயர். நல்ல போட்டோ. என்னென்ன செய்கிறோம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் எழுத்து. நான் போனை எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொரு ஆள். அப்புறம் கேட்டாள்: "போன் பண்றவங்க மொதல்ல என்னா கேப்பாங்க ஆன்ட்டி? அதுக்குப் பதில்தான் மேல வரணும்."

இந்தக் கேள்விக்கு என்னைத் தவிர இந்த ஊரில் யார் பதில் சொல்ல முடியும்? வெளியூரிலிருந்து பேசுகிற பிள்ளைகள் இரண்டு ரகம். வரப் போகிற பிள்ளை முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாள் தாங்கும்? அழுகைக்கு நடுவில் அதைக் கேட்பான். வாடகை கேட்க மாட்டான், யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்க மாட்டான். கரண்டு இருக்கிற வரைக்கும் தாங்கும், நீ பதறாமல் வாப்பா என்பேன். வராத பிள்ளை அதைக் கேட்கவே மாட்டான். கொள்ளி யார் வைப்பார்கள் என்று கேட்பான். அழுதுகொண்டுதான் கேட்பான், கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் நான் டிரைவரிடம், இன்னைக்கே எடுத்துடுவாங்க, சாயந்திரம் பெட்டி திரும்பிடும் என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்தப் பெண் ஒரு தாளை எடுத்தாள். பிறகு, "அப்போ மேல பெருசா இதைத்தான் போடணும் ஆன்ட்டி" என்று எழுதிக் காட்டினாள். 'நீங்கள் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருப்போம்.' எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைவிட நன்றாக எங்கள் தொழிலைச் சொல்ல முடியாது. அன்றைக்கே மகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன், இதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பா என்று. கூடவே, வெப்சைட்டுக்கு உன் பெயரையே வைக்கட்டுமா, வேனில் இருக்கிற மாதிரி, என்று கேட்டேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்தது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "பேர் வேற யோசிம்மா. மத்தது அப்புறம் பாக்கறேன்." பரவாயில்லை, அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறானே என்று அதை நாலு தடவை படித்தேன். பைத்தியம்.

மிச்சம் இருந்தது போட்டோ. சாவு வீட்டில் எடுக்க முடியாது. பெட்டிகள் இருப்பது அரியாங்குப்பம் போகிற ரோட்டில் ஒரு குடோனில். அங்கே சுவரெல்லாம் பாசி, மேலே சிலந்திக் கூடு. ஒரு நல்ல ஹாலில் வைத்து எடுத்தால்தான் எடுபடும் என்றாள் அந்தப் பெண். ஹாலுக்கு எங்கே போக? உங்கள் வீட்டில் அரைமணி நேரம் ஐஸ் பெட்டியை வைத்துக்கொள்ளட்டுமா என்று யாரைக் கேட்பது? செருப்பால் அடிப்பார்கள்.

என் வீட்டு ஹால் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பெட்டி எந்தக் காரணத்துக்கும் நம் வீட்டுக்குள் வரக் கூடாது. வேன்கூட வீட்டு வாசலில் நிற்கக் கூடாது, தெருமுனையில்தான் நிற்க வேண்டும். அவர் இருந்த வரைக்கும் அது மீறப்படவில்லை. பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, அவருக்காக. தெருவுக்கே இது தெரியும். நான் இரண்டு நாள் யோசித்தேன். இன்னும் யாருக்கு என்ன ஆகப் போகிறது, இந்த வீட்டில் நான் ஒருத்தி, எனக்குப் பயமா? கொண்டு வாப்பா என்று டிரைவரிடம் சொன்னேன்.

காலையில் டிரைவரும் இரண்டு ஆட்களும் பெட்டியை இறக்கி ஹாலில் வைத்தார்கள். துடைத்தார்கள், ஜரிகைத் துணி கட்டினார்கள். மேலே வெள்ளைப் பூ வேண்டும், சாமந்தி எடுபடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நான் ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். கிளம்பும்போது டிரைவர், "பொட்டிய ஓட விட்டுப் பாத்துடறேங்க்கா, உள்ள லைட்டு எரிஞ்சாத்தான் போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றான். சரி என்றேன். அவன் பிளக்கைச் சொருகிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, ஆட்களை இறக்கிவிட்டு டீசல் போடப் போயிருக்கிறான்.

மார்க்கெட்டில் வெள்ளை ரோஜா கிடைக்க நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் தெருமுனையில் ஆட்டோ நின்றுவிட்டது. எதிரே ஒரு வண்டியில் பிளாஸ்டிக் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்தேன். வில்லியனூர்க்காரன் வண்டி. எங்கள் தெருவில் ஒரு சாவு, அதுவும் எனக்குச் சொல்லாமல் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்! யார் செத்தது என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. நான் குத்துக்கல்லு மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கிறேன், என் தெருவிலேயே என் வாயில் மண்ணைப் போடுகிறார்களே என்றுதான் நினைத்தேன். பூப்பையைத் தூக்கிக்கொண்டு, யாராக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று நடந்தேன்.

கூட்டம் என் வீட்டு வாசலில் நின்றது.

எல்லாருக்கும் முதுகு என் பக்கம். ஜன்னலைப் பார்த்து நின்றார்கள். ஜன்னல் வழியாக ஹாலில் பெட்டி தெரிந்தது, விளக்கு எரிந்தது, ஜரிகைத் துணி மறைத்ததில் உள்ளே ஆள் இல்லாதது மட்டும் தெரியவில்லை. எதிர்வீட்டு மதாம் நடுவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் தெருவுக்கு அவள் மதாம். இப்போது அவளுக்குப் பான்சியோன், பிரெஞ்சு பென்ஷன், வருகிறது. என் சம்பந்தி வீட்டுக்கு வேண்டப்பட்டவள். என் மகனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே அவள்தான். காது கேட்காது என்று எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, போனை வாய்க்கு எதிரே தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

"காலையிலதாம்ப்பா. பொட்டி வந்து எறங்கினதப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. உங்க அப்பா காலத்துலேர்ந்து அது வீட்டுக்குள்ள வந்ததே இல்லியே! அவருக்கு வந்துச்சு, இப்ப அந்த மகராசிக்கு வந்திருக்கு. நேத்து சாயந்திரம்கூட என்கிட்ட பேசிச்சுப்பா, வெப்சைட் போடறேன்னு."

போனிலிருந்து அழுகை வந்தது. என் பிள்ளையின் அழுகை. சின்ன வயசில் எப்படி விக்கி விக்கி அழுவானோ அப்படியே. எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும், அடப்பாவிகளா, நான் இங்கே நிற்கிறேன் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளை பயந்துவிட்டானே என்று பதறினேன்.

மதாம் சொன்னாள்: "நீ பதறாதப்பா. டிக்கெட் பாத்துக் கெளம்பு. நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கோம். உங்க பொட்டிதான, எத்தினி நாளானாலும் வெச்சிருக்கலாம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் என்ன கேட்கப் போகிறான் என்று நின்றேன். இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகள் கேட்டதைக் கேட்டிருக்கிறேன், என் பிள்ளை கேட்பதையும் கேட்க வேண்டும் போல இருந்தது. கேளுடா, கேளுடா என்று மனசுக்குள் சொன்னேன். எத்தனை நாள் தாங்கும்னு கேளுடா.

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "கொள்ளிக்கு யாரு இருக்காங்க ஆன்ட்டி?" என்றான்.

மதாமுக்குப் புரியவில்லை. "நீதாம்ப்பா" என்றாள்.

"சித்தப்பா பையன் காலாப்பட்டுலதான இருக்கான், அவனை வெக்கச் சொல்லுங்க ஆன்ட்டி. எனக்காக வெச்சிருக்க வேணாம். டிக்கெட்லாம் கெடைக்காது. இன்னைக்கே எடுத்துடுங்க. வீடியோ கால்ல காட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

டிக்கெட் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்பவன் குரல் எனக்குத் தெரியும். தேடாமல் சொல்கிறவன் குரலும் தெரியும். அழுதுகொண்டேதான் சொன்னான், பொய் அழுகை இல்லை. என் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருக்கிறது, வரத்தான் மாட்டான். நான் பூப்பையோடு தெருவில் நின்றேன். செத்திருந்தால் இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

யாரோ திரும்பிப் பார்த்து, "ஐயோ!" என்று அலறினார்கள். மதாம் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், போனைக் கீழே போட்டாள், அப்படியே வில்லியனூர்க்காரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போன் தரையில் கிடந்து ஆன்ட்டி, ஆன்ட்டி என்றது. நான் குனிந்து எடுத்து அணைத்தேன்.

அப்புறம் ஒரே களேபரம். மதாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள், என்னைத் திட்டினாள். எனக்குப் போன் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "செத்தவளுக்கு யாருடி போன் போடுவாங்க?" என்றாள். அதுவும் சரிதான். "நாற்காலிக்கு எப்படி இவனைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "உங்க கடை நம்பரு யாருகிட்டயும் இல்ல. செல்லுல தேடினேன், இதுதான் மொதல்ல வந்துச்சு" என்றாள். அத்தனை வருஷம் எதிர்வீடு! வேறொரு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகன் கூப்பிட்டான். மதாம் அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

"என்னாம்மா நீ! உயிரே போயிடுச்சு எனக்கு. யாராவது வீட்டுக்குள்ள கொண்டாந்து வெப்பாங்களா அதை?" என்றான். கோபித்துக்கொண்டான். வெப்சைட்டால் வரும் என்று நான் ஆசைப்பட்டிருந்த கோபம்தான்.

"போட்டோ எடுக்கறதுக்குப்பா" என்றேன்.

"நல்லா எடுத்த போட்டோ. உடம்ப பாத்துக்கோ. அடுத்த வருஷம் வரப் பாக்கறேன்."

"சரிப்பா."

நான் அங்கேதான் நின்றேன் என்று அவனுக்குத் தெரியாது. மதாமும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அழுவான், மன்னிச்சுக்கோம்மா என்பான், அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூடப் பேச வெட்கப்படுவான். அந்த இரண்டு போன்தான் எனக்கு மிச்சம் இருப்பது. அதையும் கெடுத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

மத்தியானம் லாஸ்பேட்டைப் பெண் கேமராவோடு வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வாங்கி வந்த பூவை நானே பெட்டி மேல் அடுக்கினேன். சுற்றிச் சுற்றி எடுத்தாள். ரொம்ப நல்லா வந்திருக்கு ஆன்ட்டி என்று காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை ரோஜா, உள்ளே விளக்கு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் என் பிள்ளையின் பெயர்.

"இந்தப் பேருதான ஆன்ட்டி வெப்சைட்டுக்கும்?"

"இல்லம்மா, அது வேணாம். எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுடு" என்றேன்.

"அப்போ போட்டோவுல இதை எடுத்துடவா?"

எடுத்துவிடு என்றேன். கம்ப்யூட்டரில் அது ஒரு நிமிஷ வேலையாம். பிரெஞ்சு எழுத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மேலே வருகிற அந்த வரியைக் காட்டி, இது அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும், வருகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் படிக்கட்டும் என்றேன். என் நம்பரைத் தவிர இன்னொரு நம்பர் கேட்டாள். டிரைவர் நம்பரைக் கொடுத்தேன்.

அவள் போனதும் டிரைவரும் ஆட்களும் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். ஹாலைக் கழுவிவிட்டு நானும் குடோன் வரைக்கும் போனேன், வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் டிரைவர் சிரித்துக்கொண்டே வந்தான். டீசல் போட்டுவிட்டு வருவதற்குள் முதலாளியம்மாவுக்குப் பந்தல் போட்டுவிட்டார்களே என்று அவனுக்கு அடக்க முடியவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவனே நிறுத்திக்கொண்டான்.

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. கண்ணு பட்டது கழிஞ்சுதுன்னு நெனச்சுக்கோங்க" என்றான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன நினைத்தானோ, கொஞ்ச தூரம் போய், "அப்படியே ஒண்ணுன்னாலும் நான் இருக்கேங்க்கா. தம்பி அங்கேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் பொட்டிய நிறுத்த மாட்டேன். கரண்டு போனா ஜெனரேட்டர் போட்டுடறேன். பக்கத்துலயே உக்காந்திருப்பேன். எத்தினி நாளானாலும் சரி" என்றான்.

எங்களிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவன் சொன்ன சொல் தவறியதில்லை. சொன்னால் செய்வான். வாடகைக்குக் கேட்கிறவனை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான், தம்பி இதோ வந்துடும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு. வேணாம்ப்பா, அன்னைக்கே எடுத்துடு என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது.

"ரெண்டு நாள் பாருப்பா" என்றேன். "ரெண்டு நாள் பாத்துட்டு எடுத்துடு."